மட்டம் குறையாத குளம்

என் வீட்டுப் பின்புறத்துக் குளத்தில் ஐந்து மாதங்கள் தண்ணீர் மட்டம் ஒரு விரல்கடைக்கு மேல் குறையவில்லை. அந்த ஐந்து மாதங்களில்தான் கீழ்வீட்டின் சமையலறைச் சுவர் ஊறிச் சரிந்தது. சமையலறை போனது என் குளத்தால். மீதி வீடும் போனதற்குக் காரணம், பேச வேண்டிய நேரத்தில் நான் பேசாமல் இருந்தது. எனக்கு எழுபத்திரண்டு வயது. இதைப் பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட இனி இடமில்லை.

தலவாக்கலையிலிருந்து எங்கள் இடத்துக்கு பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம். தோட்டத்து மலைச்சரிவைத் தட்டுத்தட்டாக வெட்டி, ஆளுக்கு ஏழு பேர்ச் நிலம் என்று பிரித்துக் கட்டிக்கொடுத்த வீடுகள், மொத்தம் இருபத்திரண்டு. என் வீட்டுப் பின்வாசலைத் தாண்டினால் பத்தொன்பது அடி முற்றம். முற்றம் முடியும் இடத்தில் பதினோரு அடி உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டிய மண்திட்டு. அந்தத் திட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீழே நின்றது என் மனைவியின் தம்பி வீடு. முற்றத்து ஓரத்தில் நின்று குனிந்தால் அவர்கள் வீட்டுப் புகை முகத்தில் அடிக்கும். என்ன குழம்பு என்று சொல்லிவிடலாம்.

மச்சான் என்னைவிட எட்டு வயது இளையவன். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருடம் வேலை செய்தவன். கட்டிக்கொடுத்த வீட்டில் சமையலறை என்ற பெயரில் இருந்த இடத்தில் விறகடுப்பு வைத்தால் ஆள் நிற்க முடியாது. அதனால் இங்கே எல்லோரும் செய்வதைப்போல அவனும் பின்பக்கம் மண்திட்டைக் குடைந்து ஒரு சமையலறை கட்டினான். ஆற்றிலிருந்து கல் சுமந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை செய்து, நான்கு வருடத்தில் முடித்தான். அடுப்புக்கு மேலே விறகு காயப்போடப் பரண், உட்கார்ந்து சாப்பிடச் சீமெந்துத் திண்டு. அந்த வீட்டில் அவன் காசு கொடுத்து வாங்காததும், யாரும் கொடுக்காததும் அது ஒன்றுதான்.

நான் தோட்டப் பாடசாலையில் கணக்கு படிப்பித்தவன். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. பஸ் பாதையின் வளைவுகளையும் மனைவி இருமும் தடவைகளையும் எண்ணிக்கொண்டிருந்தேன். அவளே ஒருநாள், "ஏதாச்சும் ஒரு வேல வச்சிக்கோங்க, என் இருமல விட்டுடுங்க" என்றாள். அப்படித்தான் முற்றத்தின் திட்டோரத்தில் குளம் வந்தது. பதினோரு அடி நீளம், ஏழு அடி அகலம், இரண்டரை அடி ஆழம். செங்கல்லும் சீமெந்துப் பூச்சும். இருபத்துமூன்று செம்மஞ்சள் கெண்டைகள். மலையில் ஊறும் தண்ணீர் கறுப்புக் குழாயில் வந்து எங்கள் டாங்கியில் விழும். டாங்கியிலிருந்து ஒரு குழாய் குளத்துக்கு.

காலை ஆறு பத்துக்கு அடிமட்டக் கோலை நீருக்குள் வைத்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பேன். கொப்பியில் எழுதுவேன். குறைந்த அளவுக்குக் குழாயைத் திறந்துவிட்டு, நிறைந்ததும் மூடுவேன். வழக்கமான நாளில் கால் அங்குலம் குறையும். காற்றும் வெயிலும் உள்ள மாசி மாதத்தில் அரை அங்குலம். மூன்று வருடத்தில் நான்கு கொப்பிகள் முடிந்தன. இதைப் பார்த்து மச்சான் கேலி செய்யாத வாரம் இல்லை. "அத்தான் கொளத்துக்கு ரிப்போர்ட் எழுதுறாரு. பாஸா பெயிலான்னு தவணை முடிவுல சொல்வாரு."

போன வருடம் மார்கழிக் கடைசியில் ஒருநாள், குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்து நுவரெலியாவுக்குக் கண் காட்டப் போய்விட்டேன். ஏழு மணி நேரம் தண்ணீர் வழிந்து திட்டின்மேல் கொட்டியிருக்கிறது. திரும்பி வந்தபோது மச்சான் கையில் ஒரு சட்டியோடு வாசலில் நின்றான். உள்ளே என் மீன்கள் மூன்று.

"ஒங்க புள்ளைங்க நம்ம வீட்டுக்கு விருந்துக்கு வந்தாங்க அத்தான். கூரத் தகரத்துல நடந்து வந்தாங்க. நம்ம வீட்டுக்காரி மஞ்சளும் மொளகாயும் அரைச்சு வச்சிட்டா. நான்தான், பாவம், வாத்தியார் வீட்டுப் புள்ளைங்கன்னு கொண்டாந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மறதி என்பது எனக்கு நோயின் முதல் படியாகத் தெரிந்தது. மறந்தாலும் தவறாத ஏற்பாடு ஒன்று வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

தலவாக்கலையில் நான் வழக்கமாக ஆணி வாங்கும் ஹார்ட்வெயார் கடை முதலாளி, டாங்கிகளுக்குப் போடும் சாதாரண மிதவை வால்வை எடுத்து மேசையில் வைத்தார். "இது போதும் மாஸ்டர். தண்ணி ஏறினா மூடும், எறங்கினா தெறக்கும்." எனக்கு அது போதவில்லை. அது சொட்டுச்சொட்டாகத் திறந்து மூடும்; மேல் மட்டம், கீழ் மட்டம் என்ற கணக்கே அதற்கு இல்லை. இரண்டு மிதவைச் சுவிட்ச், ஒரு பெட்டி, சிவப்பு பல்ப், பச்சை பல்ப், பழைய வாஷிங் மெஷினிலிருந்து கழற்றிய தண்ணீர் வால்வு என்று நான் பட்டியலை நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "மீனுக்கு டிராபிக் லைட்டா மாஸ்டர்?"

பதினோரு நாள் வேலை. நான்கு தடவை பிழையாகப் போனது. பெட்டியையும் வால்வையும் கூரைக்குக் கீழே வைத்தேன். மிதவைகள் அசையாமல் நிற்க ஓர் இரும்புத் தாங்கி வேண்டும். அதைக் குளத்தின் வெளி ஓரச் சுவரில், நீர்மட்டத்துக்குக் கீழே, நான்கு துளை போட்டு முடுக்கினேன். துளையிடும் மெஷினை இரவல் வாங்காமல் உளியும் சுத்தியலும் வைத்து அடித்தேன். வெளி ஓரச் சுவர் என்றால் திட்டுப் பக்கத்துச் சுவர். துளைகளைச் சீமெந்து வைத்து அடைத்தேன். விரிசல் எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. என் கண்ணுக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்த காலம் அது.

தை மாதம் இருபத்தோராம் நாள் ஏற்பாடு வேலை செய்தது. தண்ணீர் கீழ் மிதவைக்கு இறங்கினால் "டக்" என்று வால்வு திறக்கும், பச்சை எரியும். மேல் மிதவையைத் தொட்டால் மறுபடி "டக்", சிவப்பு. இரண்டுக்கும் இடையே ஒரு விரல்கடை. முதல் வாரம் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குளம் எப்போதும் நிறைந்தே இருந்தது. மாறாத ஒன்றை எதற்கு அளப்பது என்று கொப்பியை அலுமாரியில் வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நானாக எண்ணுவதை நிறுத்தியது அந்த ஒரு தடவைதான். குளத்திலிருந்து எவ்வளவு போகிறது என்பதைக் காட்டிக்கொண்டிருந்தது அந்தக் குறைவுதான். அதைத்தான் நான் மெஷின் வைத்து மறைத்திருந்தேன். இது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் உறைத்திருக்கும்.

மனைவிதான் முதலில் சொன்னாள். பங்குனி கடைசியாக இருக்கும். "என்னங்க, இந்த டக்கு டக்கு சத்தம் முந்தி மாதிரி இல்லீங்க. அடிக்கடி கேக்குது. டாங்கியிலயும் தண்ணி நிக்க மாட்டேங்குது."

டாங்கியில் தண்ணீர் நிற்காததற்கு மேல் வரிசை வீட்டுக்காரர்கள் குழாயைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று சொன்னேன். சும்மா சொல்லவில்லை, போய்ச் சண்டையும் போட்டேன். அடிக்கடி சத்தம் கேட்பது வெயிலில் தண்ணீர் ஆவியாவதால் என்றேன். அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். பனிமூட்டத்தில் எதிர் மலை தெரியவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்தது மச்சான். ஒரு மாலை கீழேயிருந்து கூப்பிட்டான்.

"அத்தான், நம்ம குசினிச் செவரு வேர்க்குது."

"அடுப்பு ஆவி மச்சான். சூடான ஆவி குளிர்ந்த கல்லில் பட்டால் நீராகும். ஐஸ் தண்ணி ஊத்தின கிளாஸ் வேர்க்குமே, அதே கதைதான்."

"அது சரி. அடுப்பு எரியாத நேரத்துலயும் வேர்க்குதே."

"கல்லு குளிர்ச்சியைப் பிடிச்சு வச்சிருக்கும்."

"நீங்க சொன்னா சரிதான். ஒங்களுக்குத் தெரியாததா?" என்றான். அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாம் தடவை அவன் மனைவி சொன்னாள், சுவரோரம் வைத்த உப்பு ஜாடி கசிகிறது, விறகு பூஞ்சணம் பிடிக்கிறது என்று. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னேன். மூன்றாம் தடவை மச்சான், சுவரின் கல்லிடுக்கில் முளைத்த ஒரு சின்னப் பெரணிச் செடியைப் பிடுங்கிக் கொண்டுவந்து காட்டினான். "அத்தான், குசினிக்குள்ளயே காடு வருது. நாளைக்குச் சிறுத்தையும் வந்துரும்." சிரித்தோம். மூன்று தடவை. மூன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை, பிற்பகல் இரண்டு இருபதுக்குச் சுவர் விழுந்தது. லொறி ஒன்று கல் கொட்டுவதைப்போல ஒரு சத்தம். மூன்று நாளாகத் தூறிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் முற்றத்து ஓரத்தில் நின்று பார்த்தபோது சமையலறைக் கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளே சேறு நிறைந்து கிடந்தது. மச்சான் மனைவி கடைக்குப் போயிருந்தாள். மச்சான் முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அவன் வெளியே வந்து, இடிந்ததை முதலில் பார்க்காமல், மேலே நின்ற என்னைப் பார்த்துத்தான் கத்தினான்: "அத்தான், ஓரத்துல நிக்காதீங்க! பின்னுக்குப் போங்க!"

அவர்கள் எங்கள் வீட்டில் வந்து தங்கினார்கள். அடுத்த நாள் இளைஞர்கள் மண்ணை வாரினார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நான் ஒன்றைக் கவனித்தேன். திட்டு முழுவதும் நனைந்திருந்தது உண்மை. ஆனால் ஆறடி அகலத்துக்கு மட்டும், நேரே என் குளத்துக்குக் கீழே, மண் பிசைந்த மாவைப்போல இருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் மண்வெட்டி பட்டால் கட்டி கட்டியாகவே உடைந்தது. மழை ஆறடி அகலத்தில் பெய்யாது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்குப் பெட்டியை அணைத்தேன். சுவரில் சாக்குக் கட்டியால் கோடு போட்டேன். சனிக்கிழமை ஆறு பத்துக்கு அடிமட்டத்தை வைத்தேன். இடையில் தூறலும் விழுந்திருந்தது. அப்படியும் ஐந்தேகால் அங்குலம் இறங்கியிருந்தது. எழுபத்தேழு சதுர அடிக்கு ஐந்தேகால் அங்குலம் என்றால் ஏறக்குறைய இருநூற்றுப் பத்து கலன். ஒரு நாளைக்கு. கணக்கை மூன்று தடவை செய்தேன், மனதிலேயே. எழுதிவைக்கப் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில் வீட்டுக்குள் மச்சான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். நான் உள்ளே போய் உட்கார்ந்து, "மச்சான்" என்றேன். "என்ன அத்தான்?" என்றான். "சீனி போதுமா?" என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மீன்களை நீலப் பீப்பாய்க்கு மாற்றி, குளத்து நீரை வாளியால் மொண்டு முன்பக்க வடிகால் கானில் ஊற்றினேன். மீனுக்கு நோய் என்று சொன்னேன். மச்சானும் வந்து வாளி பிடித்தான். அவன் சுமந்த வாளிகள் மட்டும் நாற்பத்தொன்று. "எனக்குக் குசினி போச்சு, ஒங்களுக்கு மீன் போகுது. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சனியன்தான் அத்தான்" என்றான்.

செவ்வாய்க்கிழமை மண்சரிவைப் பார்க்க ஓர் உத்தியோகத்தர் வந்தார். மச்சானுக்குச் சிங்களம் கடைத்தெருவில் பேசத் தெரியும். "ஆபீஸ் சிங்களம் நமக்கு வராது, நீங்களே பேசுங்க அத்தான்" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டு, சாமான்களை எடுக்க உள்ளே போய்விட்டான். உத்தியோகத்தர் நிதானமானவர். கீழே நின்று திட்டை அண்ணாந்து பார்த்தார். மேலே என் சவ்சவ் பந்தல்தான் தெரிந்தது. மேலே தண்ணீர் ஏதும் நிற்கிறதா, எங்கிருந்தாவது ஒழுகுகிறதா என்று சிங்களத்தில் கேட்டார். அவர் கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டார்.

"நே சேர், வெஸ்ஸ தமய்" என்றேன். இல்லை சேர், மழைதான்.

குளம் அப்போது காலியாக இருந்தது. அதனால் நான் சொன்னது பொய் இல்லை என்று அன்றைக்கு என்னையே ஏமாற்றிக்கொண்டேன். நாற்பது வருடம் பிள்ளைகளின் விடைத்தாளில் இப்படிப்பட்ட சாமர்த்தியங்களைப் பிடித்துச் சிவப்புக் கோடு போட்டவன் நான். குளத்தைச் சொல்லியிருந்தால் அவர் மேலே ஏறி வந்திருப்பார், விரிசலைப் பார்த்திருப்பார். தண்ணீரை நிறுத்தினால் போதும், சுவரைத் திரும்பக் கட்டிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருப்பார். நான் மழை என்றதால், இவ்வளவு சிறிய மழைக்கே சரிகிற மண் என்று அவர் எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? இந்த வீட்டில் இனிக் குடியிருக்கக் கூடாது என்று எழுதினார்.

பொகவந்தலாவையில் மச்சானின் மகள் குடும்பம் இருக்கும் தோட்டத்தில், பழைய வரிசை வீட்டில் ஒற்றை அறை, ஒரு லயக் காம்பிரா, கிடைத்தது. இரண்டு வாரத்தில் போய்விட்டார்கள். கூரைத் தகரம் பதினேழு, கதவு மூன்று, ஜன்னல் நான்கு. எல்லாவற்றையும் கழற்றி லொறியில் ஏற்றினார்கள். நானும் பிடித்துக் கொடுத்தேன். கூரையில்லாத வீட்டுச் சுவர்கள் மழையில் கரையத் தொடங்கின.

திட்டு என்ன ஆனது என்றால், ஒன்றும் ஆகவில்லை. ஆடி மாத மழை பத்து நாள் கொட்டியது. பக்கத்துத் தோட்டத்தில் பாதை ஓரம் இரண்டு இடத்தில் சரிந்தது. இங்கே ஒரு கூடை மண்கூட விழவில்லை. வெயில் வந்ததும் அந்த ஆறடியும் காய்ந்து, புல் முளைத்தது. "அந்த ஐயா அவசரப்பட்டு எழுதிட்டாரு. நல்லா நிக்கிற வீட்ட கழட்ட வச்சிட்டாரு" என்று கடையில் பேசிக்கொண்டார்கள். தன் வேலையைச் சரியாகச் செய்த மனிதர் ஏச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டு இராச்சாப்பாட்டுக்குப் பாண் வாங்கி வந்தேன்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை ஹட்டனில் பஸ் மாறி, பொகவந்தலாவைக்குப் போனேன். காம்பிராவுக்கு முன்னால் மச்சான் விறகு பிளந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கோடரியைப் போட்டுவிட்டு, "யாரு வந்திருக்கா பாரு! கொளம் இல்லாத வாத்தியாரு!" என்று உள்ளே குரல் கொடுத்தான். ஒரே அறை. மகளின் பிள்ளைகள் இரண்டு பேர் கட்டிலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அடுப்பு வாசலில், தகர மறைப்புக்குள். நான் அவனைப் பாதை வரைக்கும் நடக்கக் கூப்பிட்டேன்.

சொன்னேன். துளை போட்டதிலிருந்து, இருநூற்றுப் பத்து கலன் வரைக்கும். நான் முடித்ததும் கேட்டான்.

"எப்பத் தெரிஞ்சிச்சு ஒங்களுக்கு?"

"சனிக்கிழமை."

"எந்தச் சனிக்கிழம? ஆபீசர் வர்றதுக்கு முந்தியா, பொறகா?"

"முந்தி. மூணு நாளைக்கு முந்தி."

அவன் பாதையில் கிடந்த ஒரு சுள்ளியை எடுத்து ஒடித்தான். மறுபடி ஒடித்தான்.

"கொளம் ஒழுகினது யாருக்கும் நடக்கும் அத்தான். அது இல்ல. வாளி பிடிச்சேனே நான். அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

சிறிது தூரம் நடந்தோம்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"சொல்லாதீங்க. சொன்னா இங்க வந்து அழுவா. நான்தான் அவளுக்குச் சமாதானம் சொல்லணும். அதுக்கு என்னால ஏலாது." பிறகு நேரத்தைப் பார்த்தான். "ரெண்டே காலுக்கு பஸ் இருக்கு. விட்டா அஞ்சு மணிக்குத்தான்."

உள்ளே வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொல்லவில்லை.

அவன் கேட்டுக்கொண்டதை நான் காப்பாற்றவில்லை. ஒரு தடவை வாயை மூடியது போதும் என்று தோன்றியது. அது சரியா என்று இன்றும் தெரியவில்லை. அன்று மாலையே மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "அந்த டக்கு சத்தத்த நான் சொன்னேனே" என்றாள். அவ்வளவுதான். அடுத்த நாள் முதல் பஸ்ஸில் தனியாகத் தம்பி வீட்டுக்குப் போனாள். எட்டு நாள் கழித்து வந்தாள். மீன்களை மேல் வரிசை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். குளத்தை மண் போட்டு நிரப்ப இரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறேன்.

அம்மா அப்பா போன பிறகு, தீபாவளிக்கு அக்காவுக்குச் சேலை கொண்டுவருவதை மச்சான் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. குடும்பத்தோடு வருவான், சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். இந்த வருடம் வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான். த்ரீவீல் ரோட்டில் நின்றது. அவன் மட்டும் இறங்கினான். படியேறவில்லை. மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி ஓடினாள். அவன் சேலைப் பையைக் கொடுத்து, குனிந்து அவள் காலைத் தொட்டான். ஏதோ சொன்னான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான். த்ரீவீல் இஞ்சினை அணைக்கவே இல்லை. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வெளியே போகலாமா என்று கதவுவரை வந்தேன். அதற்குள் அவன் ஏறிவிட்டான். மொத்தம் நான்கு நிமிடம்.

மனைவி ஆறு பேருக்குச் சமைத்திருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.